பாயின்ட் டூ டூ மேசைக்குப் பின்னால்!

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்! முன்வாசல் பொதுமக்களுக்கு நாளைக்குத்தான் திறக்கும். நாம் இன்றைக்கே, சரக்கு இறக்கும் பின்கதவு வழியாக உள்ளே போகிறோம். ஊர்: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் டல்சா. இடம்: எக்ஸ்போ ஸ்கொயர் கண்காட்சித் திடல். வெளியே எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி ஒருவர், தலைக்கவசமும் பெல்ட்டுமாக, 75 அடி உயரத்துக்கு மஞ்சள் மஞ்சளேர் என்று நிற்கிறார். 'கோல்டன் டிரில்லர்' என்ற அந்தச் சிலை 1966-இலிருந்து அங்கேதான் நிற்கிறது. அவர் காலடியைச் சுற்றி பிக்கப் லாரிகள் வளைந்து வளைந்து வரிசை கட்டியிருக்கின்றன. ஒவ்வொரு லாரியின் முதுகிலும் போர்வை சுற்றிய நீள நீள மூட்டைகள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் நவம்பரிலும் இங்கே டல்சா ஆர்ம்ஸ் ஷோ நடக்கிறது. உலகத்திலேயே பெரிய துப்பாக்கிச் சந்தை என்று சொல்லிக்கொள்கிற சந்தை இது. ஒரே கூரையின் கீழ் 11 ஏக்கர், 4,000-க்கும் அதிகமான மேசைகள்! சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொதுமக்களுக்கு. வெள்ளிக்கிழமை மேசைக்காரர்களுக்கு மட்டும். பெரியவர் ஒருவர் வருஷக்கணக்கில் இங்கே மேசை போடுகிறார். நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர். 'உதவியாளர்' என்று எழுதிய அட்டையை என் சட்டையில் குத்திவிட்டவர் அவர்தான். அந்த அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன்.

உள்ளே காலடி வைத்ததும் மூக்குதான் முதலில் விழிக்கிறது. ஹாப்பிஸ் நம்பர் 9! 1903-இலிருந்து அமெரிக்கர்கள் துப்பாக்கிக் குழாய் துடைக்கிற திரவம். மண்ணெண்ணெய் வாடையோடு வாழைப்பழ மணமும் கலந்திருக்கும். மண்டபத்தில் இருக்கிற பாதிப்பேருக்கு அது அப்பாவின் கராஜ் வாசனை. அதற்கு மேல் காபி, அட்டைப்பெட்டி, நாலு மேசை தள்ளி விற்கும் மாட்டிறைச்சி வற்றலின் புகைமணம். கண்ணுக்கு? தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஒருவர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர் இழுக்கிறார். இன்னொருவர் துப்பாக்கி நிறுத்தும் மரச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிச் சேர்க்கிறார். வீட்டில் மிஞ்சிய தரைக்கம்பளத்தைக் கத்தரித்து அவரே ஒட்டிய சட்டம். "யாராவது டேப் வச்சிருக்கீங்களா?" என்ற குரல் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது.

நம் பெரியவருடைய மேசைக்கு வந்துவிட்டோம். ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து மெக்கானிக். விரல் மடிப்புகளில் இன்னும் கிரீஸ் கறை. அவர் மனைவி பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பை மேசைமேல் உதறி விரிக்கிறார். அதன்மேல் பச்சைக் கம்பளி. அதன்மேல் ஒவ்வொன்றாக இறங்குகின்றன பழைய .22 ரைபிள்கள். இவர்கள் மேசையில் வேறு சரக்கே கிடையாது. போர்க்களத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி எதுவும் இல்லை. எல்லாம் ரிம்ஃபயர்!

ரிம்ஃபயர் என்றால் அடிக்கிற மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி விளிம்பைத் தட்டினால் போதும், வெடிக்கும். நம்மூரில் என்.சி.சி. முகாமுக்குப் போனவர்களுக்குத் தெரிந்த 'பாயின்ட் டூ டூ'தான் இது. வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்துக்கொண்டு, ஹவில்தார் அதட்ட அதட்ட, நம் பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சுடுகிற ரைபிள். இங்கேயும் அப்படியே. ஓக்லஹோமா பண்ணை வீட்டில் வளர்ந்த பிள்ளையின் முதல் துப்பாக்கி ஒரு .22-ஆகத்தான் இருக்கும். தகர டப்பா, அணில், முயல்; அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. அதிர்ச்சி தோளில் தெரியாது, சத்தமும் குறைவு, தோட்டா மலிவு. இப்போது எல்லாரும் சுடுகிற .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. அதற்கும் மூத்த .22 ஷார்ட் 1857-இலேயே வந்துவிட்டது. அந்தத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் இந்த மேசையில் இருக்கும் பல கிழட்டு ரைபிள்கள் இன்றைக்கும் சுடும்!

பெரியவர் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, எனக்கு அறிமுகம் செய்துவைக்கிறார். குழலுக்கு அடியில் நீளக் குழாய் மாட்டியது மார்லின் மாடல் 60. 1960-இல் பிறந்து, 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் விற்ற ரகம். பக்கத்தில் ரூகர் 10/22, வயது 1964-இலிருந்து கணக்கு. சுழலும் மேகசினில் 10 தோட்டா. அப்புறம் பம்ப் அடித்துச் சுடும் ஒல்லியான வின்செஸ்டர் 1890. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. ஒரு காலத்தில் திருவிழாத் திடல்களில் காசு கொடுத்து வாத்துப்பொம்மை சுடும் கடைகளில் எல்லாம் இந்த ஜாதிதான் சங்கிலியில் கட்டிக்கிடந்தது. "இது எத்தனை ஆயிரம் பேர் கையில இருந்திருக்கும், நெனச்சுப் பாரு தம்பி" என்கிறார். பார்த்தேன். பம்ப் பிடியின் வரிப்பள்ளங்கள் கைபட்டுக் கைபட்டு மழுங்கியே போயிருக்கின்றன.

ஒரு ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசை எண்ணையே காணோமே என்று பதறிக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்னால், மலிவான .22-களில் எண் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எண் இல்லாமலே பிறந்து, எண் இல்லாமலே மூத்துப்போன ரைபிள்கள் லட்சக்கணக்கில் உண்டு. எண்ணோடு வந்ததைச் சுரண்டி அழித்திருந்தால் அது குற்றம். அழித்த தடம் தெரிகிற துப்பாக்கியை இவர் தொடவே மாட்டார்.

இப்போது ஒரு ரகசியம். கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மேசைப்பலகையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது, நாலாக மடித்து மடித்துக் கிழிந்த ஒரு ஜெராக்ஸ் தாள். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட், வெஸ்டர்ன் ஆட்டோ மாதிரியான பெரிய கடைகள் அந்தக் காலத்தில் தங்கள் சொந்தப் பெயரில் ரைபிள் விற்றன. 'ஜே.சி. ஹிக்கின்ஸ்', 'வெஸ்டர்ன் ஃபீல்ட்', 'ரெவலேஷன்' என்றெல்லாம் பெயர் பொறித்திருக்கும். உள்ளே இருப்பதோ மார்லின், மாஸ்பெர்க், ஸ்டீவன்ஸ், ஹை ஸ்டாண்டர்ட் ஆலைகளில் செய்த சரக்கு! எந்தக் கடைப்பெயருக்கு எந்த ஆலை என்று சொல்லும் தாள் அது. உதிரிபாகம் தேடுகிறவருக்கு இது பொக்கிஷம். வாடிக்கையாளர் கேட்டதும் பெரியவர் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறமாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது மாஸ்பெர்க், சார்" என்பார். அவருக்கு முக்கால்வாசி மனப்பாடம்தான். ஆனாலும் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசை அடுக்கி முடித்ததும்தான் அசல் கூத்து தொடங்குகிறது. வியாபாரிகள் ஒருவர் மேசைக்கு ஒருவர் கிளம்பிவிடுகிறார்கள்! பொதுமக்கள் கண்ணில் படுவதற்கு முன்பே நல்ல சரக்கில் கொஞ்சம் கைமாறிவிடும். இதில் காசைவிடப் பண்டமாற்றுதான் அதிகம். எதிர்வரிசையிலிருந்து சஸ்பெண்டர் போட்ட ஒருவர் கையில் ஒரு நைலான் 66 ஏந்தி வருகிறார். 1959-இல் ரெமிங்டன் கொண்டுவந்த அதிசயம்: மரக்கட்டையே இல்லாமல், டியூபான்ட் நைலானில் வார்த்த ரைபிள். அந்த வருஷமே டாம் ஃபிரை என்பவர் அதை வைத்து, மேலே தூக்கிப்போட்ட 1,00,010 சின்ன மரக்கட்டைகளைக் குறிவைத்து, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

சஸ்பெண்டர்காரர் அதைக் கம்பளிமேல் மெதுவாக வைக்கிறார். எதுவும் பேசவில்லை. நம் பெரியவர் எடுக்கிறார், பார்க்கிறார், வைக்கிறார். அவரும் பேசவில்லை. சஸ்பெண்டர்காரரின் கண் மேசைமேல் இருக்கும் மாஸ்பெர்க் 44 யு.எஸ். மேல் போகிறது, இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்த ரைபிள், 'யு.எஸ். ப்ராப்பர்ட்டி' என்று முத்திரை குத்தியது. நம்மூர் மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதே அழுத்தம், அதே அமைதி! துண்டு மட்டும்தான் இல்லை.

"உன்னுதும் என்னுதும். மேல நூறு நீ வை."

"நூறா? ஐம்பது."

அப்போது பெரியவரின் மனைவி தலையைத் தூக்காமல் கேட்கிறார்: "காபி வேணுமா உங்களுக்கு?"

பெரியவர் சட்டென்று நிமிர்கிறார். "எழுபத்தஞ்சு. அதுக்குக் கீழ இல்ல."

கை குலுக்கல். முடிந்தது! காபி வரவே இல்லை. 'காபி வேணுமா' என்றால் 'இதுக்கு மேல இறங்காதீங்க' என்று அர்த்தமாம். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தின் சங்கேதம். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இந்த மேசையின் நிதியமைச்சர் யார் என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

அடுத்து, பரீட்சைக்கூடம். பழைய ரைபிளை இவர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதலில் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் பார்க்கிறார்கள், சுண்டுவிரலாலும் தடவுகிறார்கள். இரண்டு பேர் கை மாறினால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இதில் யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை. பிறகு கட்டைவிரல் நகத்தை அடியில் காட்டி, விளக்கு வெளிச்சம் அதில் பட்டுக் குழலுக்குள் திரும்பும்படி பிடித்து, வாயிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே சுருள் பள்ளங்கள் பளபளவென்று ஓடினால் முகம் மலரும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் ஒரு 'ம்ம்' மட்டும்.

அப்புறம் ஸ்க்ரூ தலைகள்! விலைச்சீட்டைக்கூட அப்புறம்தான் பார்க்கிறார்கள். ஸ்க்ரூ தலையின் வெட்டு சிதைந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரை வைத்து யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துகளின் ஓரம் மங்கியிருந்தால் பட்டறைச் சக்கரத்தில் தேய்த்துப் புது மெருகு ஏற்றியிருக்கிறார்கள். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கு இந்தப் புதுமெருகெல்லாம் பிடிக்கவே பிடிக்காது. கீறலோடு இருக்கும் பழைய தோல்தான் அவர்களுக்கு அழகு, அதற்குத்தான் காசும்.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கத்து மேசையில் அழகான ஒரு பிரவுனிங் ரைபிள் வந்திருந்தது. உடனே மூன்று பேர் ஸ்க்ரூ டிரைவரோடு கூடிவிட்டார்கள்! 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த பிரவுனிங் துப்பாக்கிகள் சிலவற்றின் வாதுமை மரத்தை உப்புப் போட்டு உலர்த்தியிருந்தார்கள். அந்த உப்பு மரத்துக்குள்ளேயே தங்கி, ஈரம் இழுத்து, தொடும் இரும்பையெல்லாம் அரித்துவிடும். வெளியே பார்த்தால் மணப்பெண், உள்ளே துரு. அதனால் தோளில் படும் பட்டையின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கிறார்கள். ஸ்க்ரூ வெளியே வருகிறது... எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிகிறது... சுத்தம்! சொந்தக்காரர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். வாங்க வந்தவர் பர்ஸை எடுத்தார்.

நான் ஒரு ரைபிளைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "விசையை மட்டும் இழுக்காத தம்பி." பழைய ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், ஊசி தோட்டா விளிம்புக்குப் பதிலாகக் குழலின் ஓரத்திலேயே போய்க் குத்தும். குத்திக் குத்தி அங்கே பள்ளம் விழுந்துவிடும். விசையைச் சோதித்தே ஆகவேண்டும் என்றால்? சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் எடுத்துக் காட்டினார். சுவரில் ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன்னால் துளையில் செருகுவோமே, அதேதான்! .22 தோட்டாவின் இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஊசி பிளாஸ்டிக்கைக் குத்தும். இந்த மண்டபத்தில் இருக்கும் .22 ஆட்கள் எல்லார் பையிலும் இந்த மஞ்சள் பிளக் கிடக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் மாநாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்!

சனிக்கிழமை காலை. கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்கிறது. வாசலில், வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் துப்பாக்கிகளைச் சோதித்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, சுட முடியாதபடி கேபிள் டை போட்டு இறுக்குகிறார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு உள்ளே இடமே இல்லை. அதற்கப்புறம் நடமாடும் கடைகள் ஆரம்பம்! தோளில் ரைபிள் சாய்த்து, குழல் வாயில் ஒரு குச்சியைச் செருகி, குச்சியில் கொடியாகக் காகிதம்: 'மார்லின். 175. பேசலாம்.' ஒருவர் காகிதத்தில் '200' அடித்து '175', அதையும் அடித்து '150'. அவர் கால் வலிக்க வலிக்க விலை இறங்குகிறது. மதியத்துக்கு மேல் வந்தால் இன்னும் ஒரு கோடு விழுந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கையில் ரைபிள் இருக்கும்வரை, பேரம் அவருடையது. பின்னால் நிற்பவருக்கு வாயில் எச்சில் ஊறினாலும் குறுக்கே விலை சொல்லக்கூடாது. அவர் கம்பளிமேல் வைத்த பிறகுதான் அடுத்த கை நீளும். அதனால்தான் வாங்க நினைப்பவர் பேசி முடிக்கும்வரை ரைபிளைக் கீழே வைக்கவே மாட்டார். ஒரு இளைஞர் ரைபிளை அணைத்துக்கொண்டே மனைவிக்கு போன் போட்டு அனுமதி கேட்டார். பின்னால் இருந்தவர் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நின்றார். அனுமதி கிடைத்தது! மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினோம்.

நைலான் 66-ஐப் பிரித்துப் போட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் பிளாஸ்டிக் பையில் உதிரிகளாக ஒரு நைலான் 66-ஐக் கொண்டுவந்து, "மச்சான் பிரிச்சுட்டான்" என்று ஒருவர் நீட்டியபோது, அந்த வரிசையில் இருந்த வியாபாரிகள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். யாருடைய மச்சானும் விதிவிலக்கில்லை என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சஸ்பெண்டர்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. கடைசி ஸ்பிரிங் உள்ளே போனதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையில் கொடுத்தார். காசு? "மச்சான்கிட்ட வாங்கிக்கறேன்!"

எனக்கு மனசு நிறைந்த இடம் ஒன்று. வெள்ளை முடியும் ஊதா ஸ்வெட்டருமாக ஒரு அம்மா, டவலில் சுற்றிய ரைபிளோடு வந்தார். "என் வீட்டுக்காரரோட .22. நூறு டாலர் கிடைக்குமா, சார்?" பெரியவர் டவலை விலக்கினார். கனமான குழல், நீளமான கட்டை. வின்செஸ்டர் மாடல் 52! முதல் உலகப் போர் முடிந்த கையோடு வந்து, அறுபது வருஷம் போட்டிகளில் கோலோச்சிய குறிபார்க்கும் ரைபிள். நூறு டாலரை எடுத்து நீட்டியிருந்தால் அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். பெரியவர் நீட்டவில்லை. டவலைத் திரும்பச் சுற்றினார். "மேடம், இது நூறு டாலர் சமாச்சாரம் இல்ல. என்கிட்ட இதுக்குண்டான பணமும் இல்ல. வாங்க" என்று, தன் மேசையை விட்டுவிட்டு, 52-களை மட்டுமே சேகரிக்கும் ஒருவரிடம் அவரைக் கைபிடித்து அழைத்துப் போனார். திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நிதியமைச்சர் அம்மா இந்தத் தடவை நிஜமாகவே காபி ஊற்றிக் கொடுத்தார்.

காகித மேசையையும் எட்டிப் பார்த்துவிடுவோம். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். நீங்கள்தான் உண்மையில் வாங்குகிறீர்களா என்ற கேள்விக்குப் பொய் சொன்னால் குற்றம். பிறகு எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சரிபார்ப்பு. 1998-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். அந்தச் சில நிமிடத்தில் வாங்குபவர் நகம் கடிப்பதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் தன் சொந்தச் சேகரிப்பிலிருந்து, அதே மாநிலத்துக்காரருக்கு, உரிமம் இல்லாத தனிநபர் விற்றால் இந்தச் சரிபார்ப்பைக் கூட்டரசுச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஓக்லஹோமாவும் கேட்பதில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ மாதிரி சில மாநிலங்கள் கேட்கின்றன. இந்த ஓட்டையை அடைக்க வேண்டுமா என்று அமெரிக்காவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. அந்த வாக்குவாதம் இந்த மண்டபத்தின் காபி வரிசையிலும் நடக்கிறது. நம் பெரியவர் தனக்கென ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போடாதவருக்கு விற்பதில்லை. "மனசுக்குச் சரியில்லன்னா, எவ்வளவு காசு நீட்டினாலும் 'இது வித்துப்போச்சு'ன்னு சொல்லிடுவேன்." எனக்கு இது மிகச் சரியாகப் பட்டது. சரிபார்ப்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது என்றும் பட்டது; அதை அவரிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, "எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா இந்த வரிசையில பாதிப்பேருக்கு இருக்கும்" என்றார்.

ஞாயிறு மதியம். சட்டைகள் கசங்கிவிட்டன. மேசைக்கு அடியில் பார்த்தால் ஷூவைக் கழற்றிய பாதங்கள் வரிசையாகத் தெரிகின்றன. சாண்ட்விச் பாதி கடித்தபடியே கிடக்கிறது. பேசிப் பேசிக் குரல் கட்டிப்போனவர்கள் விரலால் விலை காட்டுகிறார்கள். இதுதான் பேரத்துக்குப் பொற்காலம்! வந்ததைத் திரும்ப லாரியில் ஏற்ற யாருக்கும் மனசில்லை. "இப்ப என்ன சொல்றீங்க?" என்ற ஒரே கேள்வியோடு அனுபவசாலிகள் கடைசிச் சுற்று வருகிறார்கள். காலையில் அசையாத விலைச்சீட்டுகள் எல்லாம் அசைகின்றன.

அப்பாவும் பத்து வயசு மகளுமாக இருவர் வந்தார்கள். அந்தச் சிறுமி மேசையைத் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எடுத்துப் பார்க்கலாமா, சார்?" என்று கேட்டாள். பெரியவருக்கு அந்த ஒரு கேள்வி போதும். ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடும் சின்ன ஸ்டீவன்ஸ் ரைபிளை எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கியதும் குழலைக் கூரை பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து, உள்ளே பார்த்தாள். யாரும் சொல்லாமலே! "யார் கத்துக்கொடுத்தது?" "பாட்டி." விலைச்சீட்டில் இருந்ததில் பாதியைத்தான் அப்பாவிடம் வாங்கினார் பெரியவர். 'காபி வேணுமா' என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அம்மா ஏற்கெனவே விற்பனைச் சீட்டை எழுதத் தொடங்கியிருந்தார். அப்பா ஓட்டுநர் உரிமத்தை நீட்டி, கையெழுத்தும் போட்டார்.

மூன்று நாள் மேசைக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். பழைய .22 வியாபாரத்தில் கொள்ளை லாபம் கிடையாது. பெட்ரோல், தங்கும் அறை, மேசை வாடகை எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் வருகிறார்கள். கண்ணுக்குக் கண் பார்த்து, குறையைச் சொல்லி விற்று, குறை தெரிந்தே வாங்குகிற சந்தோஷத்துக்காக வருகிறார்கள். ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டும் வியாபாரம் எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

நீங்களும் போகலாம். ஏப்ரலிலோ நவம்பரிலோ அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து ஆசைதீரச் சுற்றுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வாங்க மட்டும் ஆசைப்படாதீர்கள். வேட்டை உரிமம் மாதிரியான விலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ அமெரிக்கச் சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. பார்க்கவும் பேசவும் தடை இல்லை. மற்றவர்கள் கேட்டுவிட்டு எடுங்கள், குழலைக் கூரைக்குக் காட்டுங்கள், விசையைத் தொடாதீர்கள். சனிக்கிழமை கதை கேட்கப் போங்கள், ஞாயிறு மதியம் பேரம் பார்க்கப் போங்கள். வசதியான ஷூ போட்டுக்கொள்ளுங்கள்: 11 ஏக்கர்!